அட்டைப்பெட்டிப் பாதாம் பால்: குடல் அழற்சி உள்ளவர்களுக்கு ஏற்றதா?

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கென்று பல்பொருள் அங்காடிகளில் ஒரு லிட்டர் அட்டைப்பெட்டியில் விற்கப்படும், சர்க்கரை சேர்க்காத பாதாம் பால் ஒன்றை, அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நீண்டகால நோய்) உள்ள ஒருவரின் பார்வையில் இங்கே மதிப்பிடுகிறேன். சுவையில் குறை சொல்ல ஏதுமில்லை. சூடான காபியில் ஊற்றினாலும் திரியாமல் சீராகக் கலக்கிறது. ஆனால் அந்தச் சீர்மையைத் தருவது பாதாம் அன்று. பெட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள, உணவுச் சேர்க்கைப் பொருளுக்கான குறியீட்டு எண்ணான ஐஎன்எஸ் 407, அதாவது காரஜீனன்.

செந்நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பொருள் இது. நம் ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மிதவை கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியும் இதற்கான மூலப்பொருளே. உணவில் சேர்க்க அனுமதி பெற்றது என்பதால் நலமாக உள்ளவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. எங்கள் நிலை வேறு. நோய் அடங்கியிருந்த 12 கோலைட்டிஸ் நோயாளிகளைக் கொண்டு சிகாகோவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், அனைவரும் காரஜீனன் இல்லாத உணவை உண்ண, ஒரு பிரிவினருக்கு மட்டும் அது மாத்திரை உறையில் இட்டுத் தரப்பட்டது. அந்த 5 பேரில் 3 பேருக்கு நோய் மறுபடியும் தலைதூக்கியது, காரஜீனன் இல்லாத போலி உறை பெற்ற 7 பேரில் ஒருவருக்கும் தலைதூக்கவில்லை. மிகச் சிறிய ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது; எனினும் ஒவ்வொரு முறை நோய் கிளர்ந்தெழும்போதும் என்ன பாடு படுகிறோம் என்பதை அறிந்தவர்கள் இதைப் புறந்தள்ள மாட்டார்கள்.

வேறு எமல்சிஃபையர்களை, அதாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் சேர்க்கும் பொருள்களை, பற்றிய ஆய்வுகளும் இந்த ஐயத்தை வலுப்படுத்துகின்றன. கார்பாக்சிமெதில் செல்லுலோஸ், பாலிசார்பேட் 80 ஆகியவை எலிகளின் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்துக்குள் நுண்ணுயிரிகளை ஊடுருவ விட்டன என்று 2015இல் தெரியவந்தது. 2022இல் வெளியான ஆய்வில், இவற்றுள் முதலாவதை நாளுக்கு 15 கிராம் வீதம் 11 நாள் உண்ட நலமான மனிதர்களின் குடல் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறியிருந்தது.

ஆகவே என் போன்றோருக்கு இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்கவில்லை. ஊறவைத்துத் தோல் நீக்கிய பாதாமை அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அடியில் படிந்தால் குலுக்கிக் குடித்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: இந்தப் பெட்டியில் சேர்த்துள்ள கால்சியம் வீட்டுப் பாலில் இராது. இந்நோய்க்கு எடுக்கும் ஸ்டீராய்டு மருந்தால் எலும்பு தேயும் அபாயம் உள்ளவர்கள், அந்தக் குறையை எதைக்கொண்டு நிரப்புவது என்று மருத்துவரிடம் கேட்ட பின்னரே மாற வேண்டும்.