மழையில் விளையாட: சின்னப்பிள்ளைகளின் ரெயின்கோட், கம்பூட்ஸ் எப்படி இருக்க வேண்டும்?

ராமநாதபுரம் கடலோரத்தில் பிள்ளைகள் பகலில் வெளியே விளையாடத் தோதான மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். வெயில் நாளில் மத்தியான மணலில் கால் வைக்க முடியாது. அந்த இரண்டு மாதமும் பார்த்துத்தான் ‘சளி பிடிக்கும்’ என்று வீட்டுக்குள் போட்டு அடைக்கிறோம். சளி வருவது வைரஸால். அடைத்த அறையில் நெருங்கிக் கிடக்கும்போது அது இன்னும் சுலபமாகத் தொற்றும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை தினமும் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். மழை நாளிலும் அது வேண்டும். அதற்கு நல்ல உடுப்பு அவசியம்.

முழங்கால் வரை தொங்கும் பிவிசி கோட் பள்ளிக்கூடம் போய்வரப் போதும், விளையாட ஆகாது. குந்தி உட்கார்ந்தால் முன்பக்கம் விரிந்து தொடை நனையும். காற்றுப் புகாததால் உள்ளே வேர்த்துச் சட்டை ஊறும். அதன்மேல் வாடைக்காற்று பட்டால் பிள்ளை நடுங்கிப்போகும். பேன்ட், மேல்கோட் தனித்தனியாக வரும் பாலியஸ்டர் செட் விலை கூடுதல், ஆனாலும் அதுதான் சரி. கடையிலேயே பிள்ளைக்குப் போட்டுக் குந்தவும் கையைத் தூக்கவும் சொல்லுங்கள். இடுப்போ மணிக்கட்டோ வெளியே தெரிந்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

தண்ணீர் முதலில் இறங்குவது தையல் வழியாகத்தான். கோட்டைப் புரட்டிப் பார்த்தால் தையல் நெடுக ஒரு பட்டை ஒட்டியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தோள் தையலுக்கு அடியில் காகிதம் வைத்து ஒரு மக் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் பொறுங்கள். காகிதம் நனைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். உலோக ஜிப் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், வெல்க்ரோவில் மணல் அடைந்து பிடிப்பு போகும். பிளாஸ்டிக் ஜிப்தான் நம் பக்கம் தாங்கும். தலைமூடியில் கயிறு இருந்தால் உருவிவிடுங்கள், எதிலாவது சிக்கினால் கழுத்தை இறுக்கும்.

கம்பூட்ஸ் இங்கே கட்டாயம், காரணம் சீமைக்கருவேல முள். மெல்லிய அடியை அது துளைத்துவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காத அடி வேண்டும். பேன்ட் காலை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள், உள்ளே சொருகினால் வழிகிற தண்ணீரெல்லாம் பூட்ஸுக்குள் போகும். கடல், கண்மாய், ஊருணிப் பக்கம் பூட்ஸோடு விடவே கூடாது. தண்ணீர் நிறைந்தால் பிள்ளையால் காலைத் தூக்க முடியாது.

விளையாட்டுக்கு ஒரு சிரட்டையே தாராளம். காய்ந்த மணலை அதில் அள்ளிக் கவிழ்த்தால் நிற்காது. ஈர மணலை அமுக்கிக் கவிழ்த்தால் நிற்கும், தண்ணீர் கூடினால் சரியும். எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதைப் பிள்ளையின் கையே கண்டுபிடிக்கிறது. வழுக்கும் தரையில் நடை நிதானப்படுகிறது. பிள்ளை விளையாடுவது புதிதாகப் பெய்த மழைத் தண்ணீராக இருக்கட்டும். சாக்கடை கலந்த குட்டையில் விளையாடினால் எலிக்காய்ச்சல் வரலாம். இடி கேட்டால் உடனே உள்ளே கூப்பிடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே விட வேண்டும்.

திரும்பியதும் நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போக அலசி, கோட்டை நிழலில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் உள்பூச்சு உரியும். பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும்.