தி.ஜா.வை முடித்தபின் யார்? புது எழுத்தாளர்களைத் தேடிய வழிகள்: ஒரு நீண்ட நாள் அனுபவம்

எழுத்தாளர் தி. ஜானகிராமனை (தி.ஜா.) ஒன்றுவிடாமல் படித்து முடித்தவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அடுத்து யாரை எடுத்தாலும் நாலு பக்கம் தாண்டாது. ‘அவராக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா?’ என்று மனசு குறுக்கே குறுக்கே பேசும். கும்பகோணத்துப் பக்கத்து ஆட்களுக்கு இது இன்னும் கொஞ்சம் கூடுதல். அவர் கதையில் வரும் தெருவில்தான் நாங்கள் வெற்றிலை வாங்குகிறோம். நான் குத்தாலத்தில் குடியிருந்து கும்பகோணத்தில் வேலை பார்ப்பவள். நரசிங்கன்பேட்டை, ஆடுதுறை, திருவிடைமருதூர் என்று நின்று நின்று போகும் ரயிலில் காலையும் மாலையும் படிக்க ஏதாவது வேண்டும். அதனால் ‘அடுத்து யார்?’ என்ற கேள்வி மளிகைச் சாமான் மாதிரி மாதாமாதம் வந்து நிற்கும்.

இதற்காகப் பல வருஷமாக நான் பயன்படுத்திப் பார்த்த வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். நாவல், சிறுகதை படிப்பவர்களுக்கு உதவும். கவிதைக்கு வேறு கணக்கு.

பலரும் கேட்பது மின்நூல் கருவியைப் பற்றித்தான், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். கருவியாக அது நல்ல கருவி. கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படிக்கலாம். கரண்ட் போன ராத்திரியிலும் படிக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் நாற்பது வயதுக்கு மேல் அது பெரிய வரம். ஆனால் பெரிதாக்கினால் ஒரு சங்கடம் வரும். தமிழில் சொற்கள் நீளம். வரிக்கடைசியில் சொல்லை உடைத்துப் போட அதற்குத் தெரியவில்லை. ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ மாதிரி ஒன்று வந்தால் அது அப்படியே அடுத்த வரிக்குப் போய்விடும், மேல் வரியில் நாலு சொல் பல் விழுந்தாற்போல் தள்ளித் தள்ளி நிற்கும். போகப் போகக் கண் பழகிவிடுகிறது.

புது எழுத்தாளரைக் கண்டுபிடிக்க அது உதவியதா என்றால், நேராக உதவவில்லை. மாதச் சந்தா கட்டினால் கடலளவு புத்தகம் வரும். அதில் முக்கால்வாசி குடும்ப நாவல்கள். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன், என் அத்தை (வீட்டுக்காரரின் அம்மா) விரும்பிப் படிப்பது அதைத்தான். ஆனால் இரண்டு பேரும் ஒரே கணக்கில் படிப்பதால், ‘உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை’ என்று வரும் வரிசையைப் பார்த்தால் அது யாருக்குப் பரிந்துரைக்கிறது என்றே புரியாது. அவருடைய கதாநாயகிகளும் என்னுடைய சிறுகதைக்காரர் மௌனியும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கணக்கைத் தனியாகப் பிரித்த பிறகும் பெரிய மாற்றம் இல்லை. ஒருவரைப் படித்தால் அவருடைய மற்ற புத்தகங்களையே திருப்பித் திருப்பிக் காட்டுகிறது. அவரைத்தான் எனக்குத் தெரியுமே!

தேடுவதிலும் ஒரு பாடு உண்டு. நம் ஆட்களுக்கு எல்லாம் இனிஷியல். புள்ளி வைத்து, புள்ளி இல்லாமல், நடுவில் இடம் விட்டு, இடம் விடாமல், போதாக்குறைக்கு ஆங்கில எழுத்தில் என்று ஒரே ஆளை நாலு விதமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். கிடைக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் நாலையும் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தக் கருவியில் எனக்கு உண்மையாகப் பயன்பட்டது இலவச மாதிரிப் பக்கங்கள். அதிலும் ஒரு வேடிக்கை. தமிழ்ப் புத்தகத்தில் பதிப்புரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை, நன்றி என்று வரிசையாக வரும். கதை தொடங்குவதற்குள் மாதிரி முடிந்துவிடும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அந்த முன்னுரைகளில் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. யார் யாருக்குக் கையெழுத்துப் பிரதியைக் காட்டினார், யாரைப் படித்து எழுத வந்தார், யாருக்குச் சமர்ப்பணம், எல்லாம் அங்கேயே இருக்கிறது. எந்தப் பரிந்துரைப் பட்டியலைவிடவும் அது எனக்கு உருப்படியாக இருந்தது. அன்றிலிருந்து முன்னுரையைத் தாண்டிப் போவதில்லை, கையில் பென்சில் வைத்துக்கொண்டே படிக்கிறேன்.

அப்படிப் பிடித்துப் போன முதல் கயிறு எங்கள் ஊர்க்கயிறுதான். தி.ஜா.வைப் பற்றி யார் எழுதினாலும் கு.ப. ராஜகோபாலன் பெயர் வரும். அவரை எடுத்தேன். நாலைந்து பக்கக் கதைகள்; வீட்டுக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்வதுதான், ஆனால் பேசாமல் விட்டதுதான் கதை. அவர் 1944இலேயே போய்விட்டார். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும் என்பதால் யார் வேண்டுமானாலும் அவர் கதைகளை அச்சடிக்கலாம். அதனால் வாங்கும்போது இரண்டு பக்கம் புரட்டி அச்சுப்பிழை பார்த்து வாங்குங்கள்.

கு.ப.ரா. ‘கரிச்சான்’ என்ற பெயரிலும் எழுதியவர். அவரிடம் பக்தி கொண்ட ஒருவர் தனக்குக் ‘கரிச்சான் குஞ்சு’ என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பெயர்தான் என்னை ‘பசித்த மானுட’த்துக்குக் கொண்டுபோனது. 1978இல் வந்த நாவல். தொழுநோய் வந்த ஒருவனை நடுவில் வைத்துக்கொண்டு, தமிழில் அவ்வளவாக யாரும் பேசாததையெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் பேசுகிறது. தி.ஜா.வின் மென்மையை எதிர்பார்த்துப் போனால் அடி விழும். எனக்கு அந்த அடி தேவைப்பட்டது. இந்த வட்டத்தில் இன்னொருவர் எம்.வி. வெங்கட்ராம், கும்பகோணத்துக்காரர், ஜரிகை வியாபாரம் செய்தவர். காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்கும் ஒருவனைப் பற்றிய ‘காதுகள்’ நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதை ராத்திரி படிக்க வேண்டாம், ரயிலில் படியுங்கள். சுற்றிலும் சத்தம் இருந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

இந்தக் கயிற்றில் ஒரு குறை. ஆண்களாகவே வருவார்கள். கு.ப.ரா.வின் தங்கை கு.ப. சேது அம்மாளும் கதை எழுதியவர் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தேடியதில் கையில் கிடைத்தது கொஞ்சம்தான். அண்ணனுக்கு இத்தனை பதிப்பு, தங்கைக்கு இவ்வளவுதானா என்று இன்னும் ஆறவில்லை.

பழைய புத்தகம் தேடுபவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெரிய சுரங்கம். நாட்டுடைமையான நூல்கள் உட்பட ஏராளமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. சங்க இலக்கியம், காப்பியம் என்றால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஆனால் ஸ்கேன் செய்த பக்கம் சின்னத் திரையில் எறும்பு மாதிரி தெரியும், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி ஓரத்தில் ஓடிப்போகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு வேறு. ‘லை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை போட்டு நிற்கும். எங்கள் வயதுக்காரர்கள் சமாளித்துவிடுவார்கள், என் பெண் இரண்டு பக்கத்தில் மூடிவிட்டாள். பெயர் தெரிந்து தேடினால் அங்கே கிடைக்கும். பெயரே தெரியாமல் உலாவ அது ஏற்ற இடம் இல்லை.

விருதுப் பட்டியல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாகித்திய அகாதெமி 1955இல் தமிழுக்குக் கொடுத்த முதல் விருதே ஒரு கட்டுரை நூலுக்கு, ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழ் இன்ப’த்துக்கு. கதை படிப்பவர்கள் சலித்து எடுக்க வேண்டும். தி.ஜா.வுக்கே 1979இல் ‘சக்தி வைத்தியம்’ என்ற சிறுகதைத் தொகுப்புக்குத்தான் கொடுத்தார்கள். அவரை அந்தப் பட்டியல் வழியாகச் சந்திப்பவர் அவருடைய ‘மோகமுள்’ நாவலைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடக்கூடும். புது ஆட்கள் வேண்டுமென்றால் 2011இலிருந்து கொடுக்கும் யுவ புரஸ்கார் பட்டியலைப் பாருங்கள், 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விருது. எல்லாம் தேறும் என்று சொல்ல மாட்டேன். இந்தத் தலைமுறை எதைப் பற்றி எழுதுகிறது என்றாவது தெரியும்.

தஞ்சாவூர்ப் புத்தகத் திருவிழாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். எந்த அரங்கில் நுழைந்தாலும் வாசலில் அதே பத்துப் புத்தகங்கள்தான் அடுக்கியிருக்கும், பத்து சதவீதத் தள்ளுபடியும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். வார நாளில் மத்தியானம் போய், சின்னப் பதிப்பகக் கடையில் உட்கார்ந்திருப்பவரிடம் ‘நீங்க படிச்சதுல எது பிடிச்சுது?’ என்று கேட்டால் போதும். ‘எது நல்லா போகுது?’ என்று கேட்டீர்கள் என்றால் மறுபடி அந்தப் பத்துக்கே கொண்டுபோய் விடுவார்.

கிளை நூலகத்துக்கு வருகிறேன். என் கணக்கில் முதல் மதிப்பெண் இதற்குத்தான், குறைகளோடு சேர்த்தே. இந்தியாவில் நூலகவியலுக்கு அடித்தளம் போட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் எங்கள் சீர்காழிக்காரர், 1892இல் பிறந்தவர். ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்’, ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்றெல்லாம் ஐந்து விதிகளை 1931இல் எழுதினார். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அதைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். அந்த ஊர்க்காரர்கள் நாம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு கிளை நூலகத்துக்குள் நுழைந்தால், நாவல் அலமாரியில் ஒழுங்கு என்று ஒன்றைத் தேட வேண்டியிருக்கும். இரண்டு பாக நாவலில் இரண்டாம் பாகம் மட்டும் இருக்கும். புது வரவு கட்டுப் பிரிக்காமல் மூலையில் கிடக்கும். வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறவர்கள் கேட்கலாம், நான் கேட்டிருக்கிறேன்.

ஆனாலும் அங்கே ஒரு மேஜை இருக்கிறது. திரும்பி வந்த புத்தகங்களை அலமாரிக்குப் போகும் முன் அதில் குவித்து வைப்பார்கள். நான் அலமாரிப் பக்கமே போவதில்லை, நேராக அந்த மேஜைக்குத்தான். ஊரில் யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டு போய்ப் படித்த புத்தகங்கள் அவை. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். முத்திரைகள் கிட்டக் கிட்ட விழுந்திருந்தால் புத்தகம் கைமாறிக்கொண்டே இருக்கிறது, யாரோ யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய தேதிகள் நெருக்கமாக இருந்து அப்புறம் வெறுமையாகக் கிடந்தால், ஒரு காலத்தில் தொடராக வந்து ஓடிய கதையாக இருக்கும். எனக்கு வேண்டியது மூன்றாவது வகை: அத்தி பூத்தாற்போல் ஒரு முத்திரை, ஆனால் வருஷம் தவறாமல். அப்படிப்பட்ட புத்தகம் என்னை ஏமாற்றியது அபூர்வம்.

சு. தமிழ்ச்செல்வி அப்படிக் கிடைத்தவர்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர். ‘அளம்’ உப்பளத்து ஜனங்களின் கதை, ‘கீதாரி’ வயலில் கிடை போட வரும் ஆட்டுக்காரர்களின் கதை. டெல்டா என்றால் ஆறு, அக்கிரகாரம், கச்சேரி என்று படித்துப் பழகிய எனக்கு, எங்கள் பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலேயே குடிதண்ணீருக்கு அலையும் ஊர் இருப்பதைக் கதையில் காட்டியவர் அவர்தான்.

அந்த மேஜையருகே அடிக்கடி பார்க்கும் ஒரு பெரியவர், தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஒருநாள் என் கையில் ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்தார்.

“இத எடுத்துட்டுப் போம்மா. வங்காள நாவல்.”

“பேரெல்லாம் குழப்புமே சார்.”

“அம்பது பக்கம் பொறுத்துக்க. அதுக்கப்புறம் நீயே விடமாட்ட.”

அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்ட பறவையைத் தேடி’. பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்காளம். பெயர்கள் குழப்பத்தான் செய்தன. ஆனால் ஆறும் படகும் வெள்ளமும் நெல்லும் இருக்கிற ஊரில் நமக்கு என்ன வழி தெரியாமல் போகும்? நாற்பது பக்கத்திலேயே சரணடைந்துவிட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை பெரிய உபாயம்: “ஆசிரியர் பேர விட்டுடு, மொழிபெயர்த்தவர் பேரப் புடிச்சுக்க.”

அப்படியே செய்தேன். அந்த நாவலைத் தமிழில் தந்தவர் சு. கிருஷ்ணமூர்த்தி. அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதில் வங்காள அலமாரியே திறந்தது. பக்கத்தில் த.நா. குமாரஸ்வாமி வந்தார், அவர் மொழிபெயர்த்த ‘ஆரோக்கிய நிகேதனம்’ வந்தது. நாடி பிடித்துச் சாவு எப்போது வரும் என்று சொல்லும் ஒரு கிராமத்து வைத்தியர், தாராசங்கர் பந்த்யோபாத்யாய எழுதியது. குமாரஸ்வாமியின் தம்பி த.நா. சேனாபதியும் வங்காளத்திலிருந்து நிறையத் தந்தவர். மலையாளத்துக்கு எனக்கு யூமா வாசுகி, பட்டுக்கோட்டைக்காரர். ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாச’த்தைத் தமிழாக்கியதற்காக 2017இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். அவர் எதைத் தொட்டாலும் நம்பி எடுக்கலாம். மொழிபெயர்ப்பாளர் ஒரு புத்தகத்தோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறவர். பிடிக்காததை அவ்வளவு தூரம் சுமக்க மாட்டார் என்பது என் எண்ணம். கூலிக்கு மொழிபெயர்த்ததும் உண்டுதான். அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட பழைய மொழிபெயர்ப்புகளில் பல அச்சில் இல்லாமல் போய்விடுகின்றன. நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்திய அகாதெமி வெளியீடுகள் விலை மலிவு, ஆனால் மறுபதிப்பு வரும்போதே வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் நூலகம்தான் கதி.

இப்போது என்னிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு இது: பெயர் பிடிக்க முன்னுரையும் அந்த மேஜையும், ருசி பார்க்க மாதிரிப் பக்கம், பிடித்தால் அச்சுப் புத்தகம். மாதச் சந்தாவை என் கணக்கில் நிறுத்திவிட்டேன். அத்தையின் கணக்கில் மட்டும் தொடர்ந்து கட்டுகிறோம். அவருக்கு அந்தப் பரிந்துரை வரிசையில் இதுவரை ஒரு குறையும் தெரியவில்லை.