ராஸ்பெர்ரி பைக்கு லீனியர் பவர் சப்ளை: 5,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர் வீட்டிலேயே செய்து விற்கும் 5 வோல்ட், 3 ஆம்பியர் லீனியர் பவர் சப்ளை இது, அதாவது ஃபோன் சார்ஜர் வகை இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பாணி. கூரியரோடு சேர்த்து 5,500 ரூபாய் ஆனது. அதில் ஓடுவது ஒரு ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர், அதன் தலையில் டிஜிட்டலை அனலாக் ஒலியாக்கும் ஹைஃபைபெர்ரி டிஏசி போர்டு, உள்ளே பாட்டு ஓட்டும் மென்பொருளான வோலுமியோ. அங்கிருந்து ஆர்சிஏ வயர் ஒரு பழைய மூன்று பின் ஸ்டீரியோ ஆம்புக்குப் போகிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் செட்டில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, ஆனால் விற்பவர்கள் சொல்கிற காரணத்தால் இல்லை.

அவர்கள் சொல்வது உங்களுக்கே தெரியும். பேஸ் இறுகும், மேடை அகலும், பாடகர் எழுந்து முன்னால் வந்து நிற்பார். என் காதுக்கு யாரும் எழுந்து வரவில்லை. எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் வீட்டில் ஒருவரை விட்டு சப்ளையை மாற்றச் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் பை அணைந்து மறுபடி எழுந்து வர நேரமாகும் என்பதால் இது அவ்வளவு சுத்தமான சோதனை இல்லைதான், இருந்தாலும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாட்டு நின்ற பிறகுதான் விஷயமே இருக்கிறது. பழைய இரண்டு பின் அடாப்டரில், வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்தால் ஸ்பீக்கரிலிருந்து ஒரு கரகரத்த உறுமல் சன்னமாக வந்துகொண்டே இருக்கும். இப்போது ட்வீட்டரில் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காதை ஒட்டி வைத்தால் வழக்கமான 'உஸ்' மட்டும்தான்.

அந்த உறுமல் கச்சேரிப் பதிவு கேட்பவர்களுக்கு ஏன் அதிகம் உறுத்துகிறது என்று யோசித்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இந்த உறுமல் அதன் இரட்டிப்பு, 100. ஐந்து கட்டை சுருதியின் ஆதார ஷட்ஜம் 196, அதன் கீழ் ஸ்தாயி 98. ஆக உறுமல் ஐந்து கட்டைக்கு மிக அருகில், ஆனால் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது. பெண் பாடகர்கள் பலர் பாடுவது அந்தக் கட்டையில்தான். ஆலாபனையின் இடைவெளியில், தம்பூராவுக்குப் பின்னால், சுருதி சேராத இன்னொரு தம்பூரா!

காரணத்துக்கு வருவோம். ஃபோன் சார்ஜர் மாதிரியான ஸ்விட்சிங் அடாப்டரில், கரண்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் 'ஒய் கெபாசிட்டர்' என்று ஒன்று இருக்கும். ஸ்விட்சிங் இரைச்சல் வெளியே பரவாமல் இருக்க அதைப் போடுகிறார்கள். அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசியும். கால் மில்லியாம்பியர் வரை பாதுகாப்பு விதிகளே அனுமதிக்கின்றன. லேப்டாப் சார்ஜ் ஆகும்போது அதன் உலோக உடம்பைத் தடவினால் சுரசுரவென்று ஒரு உணர்வு வருமே, அதுதான் இது. கழற்றி வைத்த ஆர்சிஏ முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் 100 வோல்ட் பக்கம்கூடக் காட்டும், பயப்பட வேண்டாம், சக்தி கிடையாது. ஆனால் அந்தக் கசிவு எர்த்தைத் தேடும். பைக்கு எர்த் இல்லை, ஆம்புக்கு உண்டு. ஆகவே ஆர்சிஏ வயரின் வெளிச்சுற்று (உள் கம்பியைச் சுற்றியுள்ள வலை) வழியாகத்தான் அது ஆம்புக்குப் போகிறது. அதே வெளிச்சுற்றுதான் பாட்டு சிக்னலுக்கும் பூஜ்ஜியம். பூஜ்ஜியமே ஆடினால் மேலே உள்ளதும் சேர்ந்து ஆடத்தானே செய்யும். டிஜிட்டல் பிட்டுகளுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை, பிட் எல்லாம் பத்திரமாகத்தான் போய்ச் சேருகிறது. கெட்டுப்போவது அதற்குப் பிறகு வரும் அனலாக் பகுதி.

லீனியர் சப்ளையில் அந்த ஒய் கெபாசிட்டர் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர், டையோடு பிரிட்ஜ், பெரிய கெபாசிட்டர்கள், வோல்ட்டை 5-இல் நிலையாகப் பிடித்து வைக்க ஒரு ரெகுலேட்டர், அவ்வளவுதான். நான் வாங்கியதில் எல்டி1083 ரெகுலேட்டரை ஹீட் சிங்கோடு சேர்த்து அலுமினியப் பெட்டியின் சுவரில் முடுக்கியிருக்கிறார், சாலிடரிங் எல்லாம் சுத்தம், பாராட்ட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் டொராய்டல், அதாவது வளைய வடிவம். அதைப் பெரிய பெருமையாக எழுதி விற்கிறார்கள், ஆனால் கசிவை மட்டும் பார்த்தால், இரண்டு சுற்றுகளையும் தனித்தனி அறையில் சுற்றிய சாதாரண ஈஐ டிரான்ஸ்ஃபார்மர் (சதுரக் கட்டை மாதிரி இருப்பது) இதைவிட மேல். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகவே கிடைக்கும்.

சூடு உண்டு. 9 வோல்ட் ஏசி சுற்று பிரிட்ஜைத் தாண்டி வரும்போது கிட்டத்தட்ட 11 வோல்ட் டிசி ஆகிவிடும். அதில் 5 போக மீதி 6 வோல்ட்டையும் ரெகுலேட்டர் சூடாகவே எரிக்க வேண்டும். பை 1 ஆம்பியர் இழுத்தால் 6 வாட் வீண். சித்திரை, வைகாசியில் பெட்டி மேல் கையை ரொம்ப நேரம் வைத்திருக்க முடியாது. டிவி ஸ்டாண்டுக்குள் கதவைச் சாத்தி வைக்கிற ஐடியா இருந்தால் வேண்டாம்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. எவ்வளவு சுத்தமான 5 வோல்ட் கொடுத்தாலும், பை அதைத் தன் போர்டில் உள்ள ஸ்விட்சிங் கன்வெர்ட்டர்களை வைத்து 3.3, 1.8 என்று உடைத்துக்கொள்கிறது. அதாவது நாம் வாசலோடு தடுத்து நிறுத்திய இரைச்சலை அது வீட்டுக்குள் சொந்தமாகத் தயாரிக்கிறது. ஹைஃபைபெர்ரி மாதிரி போர்டுகள் இதற்காகவே தமக்கென்று தனி ரெகுலேட்டர் வைத்திருக்கின்றன. அதனால் 0.8 மைக்ரோவோல்ட் இரைச்சல் மட்டுமே உள்ள எல்டி3045 சிப் வைத்த விலையுயர்ந்த சப்ளை வாங்கி இதே பையில் செருகினால் கூடுதலாக ஏதும் கேட்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பவர் பேங்கில் பையை ஓட்டிப் பாருங்கள் (அந்தச் சமயம் பவர் பேங்க் சார்ஜில் இருக்கக் கூடாது). உறுமல் நின்றால் குற்றவாளி அடாப்டர், லீனியர் சப்ளைக்குக் காசு போடலாம். நிற்கவில்லையா, எந்தச் சப்ளையும் உதவாது: ஆம்பின் பழைய கெபாசிட்டரையோ, வயரையோ, வீட்டு எர்த்தையோ பார்க்க வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள், அது சும்மா சொல்வதில்லை. தனி டிஏசி வைத்து அதற்கு ஆப்டிக்கல் கேபிளில் கொடுப்பவர்களுக்கும் பை பக்கத்துச் சப்ளையை மாற்றுவது வீண் செலவு, ஒளி வழியாக எந்தக் கசிவும் போகாது.

மற்ற வழிகள்: ஐஃபை நிறுவனத்தின் ஐபவர் லீனியர் இல்லை, இரைச்சலை அடக்கிய ஸ்விட்சிங் வகைதான், சின்னது, சூடாகாது. பெங்களூரு ஆலோ நிறுவனத்தின் சாந்தி லீனியர் வகை, பைக்கு 3 ஆம்பியர், டிஏசிக்கு 1 ஆம்பியர் என்று இரண்டு தனி வெளியீடு. கையில் கிடைத்தால் யோசிக்கலாம்.

இந்தப் பெட்டியில் குறை என்றால் முதலில் அதோடு வந்த ஒல்லி வயர். பையை டிவியில் இணைத்துப் பார்த்தால் திரையில் மின்னல் குறி வந்து வந்து போனது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை அதைக் காட்டும். வயரில் போக வர 0.2 ஓம் இருந்தாலே, 2 ஆம்பியர் இழுக்கும்போது 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், 5 என்று கிளம்பியது 4.6 ஆகத்தான் சேரும். தடித்த, குட்டை வயர் மாற்றி, உள்ளே வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க உள்ள ப்ரீசெட்டை 5.15க்குத் திருகிய பிறகு சரி. அப்புறம் அந்த நீல எல்இடி, ராத்திரி அறை முழுக்க வெளிச்சம், கருப்பு டேப் ஒட்டிவிட்டேன். இன்வர்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் கரண்ட் போகும்போது டிரான்ஸ்ஃபார்மரே உறுமும், ஸ்பீக்கர் வழியாக இல்லை, பெட்டியே. சைன் வேவ் இன்வர்டரில் அந்தத் தொல்லை இல்லை. ஆர்டர் கொடுக்கும்போதே அரை மீட்டர் தடித்த வயரும் 5.15 வோல்ட் செட்டிங்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டால், அவரே செய்து அனுப்புகிறார்.