நீலப் பூன்னு நம்பி 6,850 ரூபாய் போச்சு: ஹைட்ரேஞ்சியா வாங்கறவங்க ஒரு நிமிஷம் படிங்க

நேத்து ராத்திரி ஒன்பதரை மணிக்கு என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. அந்தச் சூட்டோடவே எழுதறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. கடைப் பேரைச் சொல்லப் போறதில்ல. படம் போட்டு, வாட்ஸப்ல ஆர்டர் வாங்கி, பார்சல்ல செடி அனுப்பற ஆன்லைன் நர்சரி, அவ்வளவுதான். போனது 6,850 ரூபாய். நாலு செடி, ஒண்ணு 1,450. பார்சல் செலவு 350. அப்புறம் "கலர் பவுடர்"னு ரெண்டு பாக்கெட், அது 700. அந்த 700 ரூபாய்தான் இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

கோத்தகிரியில என் நாத்தனார் வீட்டு வேலி ஓரம் பூரா ஹைட்ரேஞ்சியா. குழந்தை தலை அளவுக்கு ஒவ்வொரு கொத்தும், மழை பெஞ்ச மறுநாள் வானம் மாதிரி ஒரு நீலம். கோவையில நம்ம மாடியிலும் அந்த நீலம் ரெண்டு கொத்து இருந்தா போதும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. போன ஆடியில இந்த நர்சரியோட வீடியோ கண்ணுல பட்டது. போன் பண்ணினேன்.

ஏமாந்த இடம் இதுதான். எனக்கு முதல்லயே சந்தேகம், சாயம் ஏத்தியிருப்பாங்களோன்னு. வெளிப்படையாவே கேட்டேன். அந்தத் தம்பி உடனே வீடியோ கால்ல வந்து, கட்டை விரலைத் தண்ணியில நனைச்சு, ஒரு இதழை வெச்சு நல்லா தேய்ச்சு, விரலை கேமரா முன்னாடி காட்டினாரு. "பாருங்கக்கா, சாயமா ஒட்டுது? இது பெர்மனன்ட் ப்ளூ வெரைட்டி. எங்க வெச்சாலும் நீலம்தான் பூக்கும். கலர் மாறுனா முழுப் பணமும் திருப்பித் தர்றேன், நீங்க என் அக்கா மாதிரி." இதையே வாய்ஸ் மெசேஜாவும் அனுப்பினாரு. விரல்ல சாயம் ஒட்டல. அவர் சொன்ன அத்தனையிலும் அது ஒண்ணுதான் உண்மைன்னு அப்ப எனக்குத் தெரியல.

செடி வந்துச்சு. ரெண்டுல பூ, நீலமாத்தான் இருந்துச்சு. மத்த ரெண்டு வெறும் இலை. பெரிய தொட்டிக்கு மாத்தி, நிழல் வலைக்குக் கீழ வெச்சு, போர் தண்ணி ஊத்தினேன். ஆவணி முடியறதுக்குள்ள அந்த நீலம் வெளுத்துப் பச்சையாச்சு, அப்புறம் ஓரத்துல ஒயின் நிறத்துல திட்டு. பதறிப் போய் போட்டோ அனுப்பினேன். "இயற்கைக்கா"ன்னு ஒரே வார்த்தை, கூட ஒரு கும்பிடு பொம்மை. நியாயமா சொல்லணும்னா, அது இயற்கைதான். நாம இதழ்னு நினைக்கறது ஹைட்ரேஞ்சியாவுல இதழே இல்ல, புல்லிவட்டம் (மத்த பூவுல மொட்டை மூடியிருக்கற பச்சை உறை). அதனாலதான் உதிராம வாரக்கணக்கா நிக்குது, வயசாக ஆக நிறம் மங்கிப் பச்சை பாயுது. சரி, அடுத்த பூவுக்குக் காத்திருப்போம்னு விட்டுட்டேன்.

இந்த வைகாசியில பூத்துச்சு. ரோஸ். பச்சக்குழந்தைக்குப் போடற சொக்கா ரோஸ்.

போன் பண்ணினா எடுக்கல. மெசேஜுக்கு மூணு நாள் கழிச்சு பதில்: "டீம்ல சொல்லியிருக்கேன்." ஒரு வாரம் ஆச்சு. "டீம் செக் பண்றாங்க." இன்னொரு வாரம். "உங்க ஊர் தண்ணி சரியில்லக்கா, நாங்க அனுப்பும்போது நீலமாத்தானே இருந்துச்சு?" கடைசியில, "கலர் பவுடர் போட்டா ரெண்டு வாரத்துல நீலம் கன்ஃபார்ம், ரெண்டு பாக்கெட் 700." ஏற்கெனவே 6,150 போட்டாச்சே, இன்னும் 700-ல சரியானா சரின்னு அதையும் கட்டினேன். எங்க வீட்டுக்காரர் "இன்னொரு பாக்கெட் வாங்கு, பாராட்டு விழாவே நடத்துவாங்க"ன்னாரு. எனக்கு அப்ப சிரிப்பு வரல.

இதுக்கு நடுவுல மூணாவது செடி பூத்துச்சு. உருண்டைக் கொத்தே இல்ல. தட்டு மாதிரி, நடுவுல கடுகு கடுகா மொட்டு, சுத்தி மட்டும் ஏழெட்டு பெரிய பூ. "இன்னும் விரியலக்கா, பொறுங்க"ன்னாங்க. பொறுத்தேன். அந்தக் கடுகெல்லாம் விரிஞ்சு குட்டிக் குட்டிப் பூவாத்தான் ஆச்சு. அது ரகமே வேற, எத்தனை மாசம் பொறுத்தாலும் உருண்டையாகாது. நாலாவது வெள்ளை. அதுக்கும் பவுடர் போடச் சொன்னாங்க. வெள்ளை ஹைட்ரேஞ்சியாவுக்கு மண்ணுல எதைப் போட்டாலும் நீலமாகாது, மாறறதுக்கு அதுல அந்த நிறமியே கிடையாது.

பவுடரைப் போட்ட பிறகு விரிஞ்ச கொத்து முன்னைவிட அடர் ரோஸ். மிச்சப் பவுடரை எடுத்துக்கிட்டு உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ரெண்டு விரல்ல எடுத்து நிமிண்டினாரு, மோந்து பார்த்தாரு. "ஏனுங்க, இது எலும்புத் தூளுங்க. ரோஜாவுக்குப் போடுவாங்க."

விஷயம் புரியாதவங்களுக்குச் சொல்றேன். இந்தப் பூவுல நீலத்துக்கும் ரோஸுக்கும் நிறமி ஒண்ணேதான். வேர் வழியா அலுமினியம் ஏறி அந்த நிறமியோட சேர்ந்தா நீலம், ஏறலைன்னா ரோஸ். மண் புளிப்பா, பிஹெச் (புளிப்பைக் காட்டற அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5-க்குக் கீழ இருந்தா அலுமினியம் கரைஞ்சு வேருக்குக் கிடைக்கும். 6.5-க்கு மேல போனா மண்ணுலயே கட்டிக்கும். நடுவுல இருந்தா கத்தரிப்பூ நிறம். (பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாளுக்கு நேர் எதிர். அதுல புளிப்புன்னா சிவப்பு.) நீலகிரியில மழை சுண்ணாம்புச் சத்தையெல்லாம் அடிச்சுட்டுப் போயிடுது, டீச்செடி விரும்பற புளிப்பு மண்ணு, அதான் அங்க நீலம். எங்க போர் தண்ணியில, மீன் தொட்டிக் கடையில வாங்கின பிஹெச் தாளை முக்கிப் பார்த்தேன், 8 காட்டுது. பாத்திரத்துல வெள்ளை படியற தண்ணி. இதுல எலும்புத் தூளைப் போட்டா? அதுல இருக்கற பாஸ்பரஸ் மிச்ச மீதி அலுமினியத்தையும் பிடிச்சு வெச்சுக்கும், கூடவே சுண்ணாம்புச் சத்து வேற. ரோஸை இன்னும் ரோஸாக்க 700 ரூபாய் வாங்கியிருக்காங்க!

ராத்திரி நாத்தனார்கிட்ட அழுதேன். அவ சாதாரணமா சொல்றா: "அண்ணி, எங்க வேலியில சுண்ணாம்படிச்ச சுவர் ஓரம் இருக்கறது மட்டும் ரோஸ்தானே, நீங்க பார்த்ததில்லையா?" பத்து வருஷமா பார்த்திருக்கேன். அதே செடியோட குச்சி வெச்சு வந்ததுதான் அதுவும். ஜப்பான்தான் இதுக்குப் பூர்வீகம், அங்க இதுக்கு "ஏழு மாற்றம்"னே ஒரு பட்டப்பேர் இருக்கு. நர்சரி நடத்தறவங்களுக்கு இது தெரியாதா? எனக்கு வித்தது நீலச் செடி இல்ல. பையில ஒட்டிக்கிட்டு வந்த ஒரு கை மண்ணோட குணம். இதை முன்னாடியே ஒரு வரி சொல்லியிருந்தா, ரோஸானாலும் சந்தோஷமா வெச்சிருப்பேன்.

நேத்து இதையெல்லாம் எழுதி, அவரோட வாய்ஸ் மெசேஜையும் அவருக்கே அனுப்பி, 6,850 திரும்ப வேணும்னு கேட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. அந்த நீலம் மட்டும் உடனே கிடைச்சது. அடுத்த நிமிஷம் பிளாக்.

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப கை வரல. சட்டுனு சொல்றேன். எங்க வெச்சாலும் நீலம்னு யார் சொன்னாலும் வாங்காதீங்க. பூ இல்லாத செடியை நிறம் நம்பி வாங்காதீங்க. பேரில்லாத பவுடருக்குப் பணம் கட்டாதீங்க. நீலம் வேணும்னா அலுமினியம் சல்பேட்டுன்னு பேர் சொல்லிக் கேளுங்க, கொஞ்சமாப் போடுங்க, அதிகமானா வேர் கருகிடும், ரெண்டு வாரத்துல நடக்கற வேலையும் இல்ல. மழைத் தண்ணி பிடிச்சு ஊத்துங்க. குச்சி காஞ்ச மாதிரி இருக்குன்னு வெட்டிடாதீங்க, போன வருஷக் குச்சியிலதான் அடுத்த மொட்டு.

காலையில 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சுட்டேன். "கட்டை விரலைத் தேய்ச்சுக் காட்டின" தம்பிகிட்ட வேற யாராவது வாங்கியிருந்தா கீழ சொல்லுங்க. அந்த வாய்ஸ் மெசேஜை நான் இன்னும் அழிக்கல.