சைகை மொழி கற்கலாமா? ஒரு நேரலை வகுப்பின் மதிப்புரை

சைகை மொழி கற்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது கைப்பேசிச் செயலிகளையும் இலவசக் காணொளிகளையும்தான். நானும் அவற்றில் தொடங்கி, பிறகு காது கேளாத ஆசிரியர் ஒருவர் இணையவழியில் நேரலையாக நடத்தும் தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்து அதை முடித்திருக்கிறேன். சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளச் செயலி உதவும். ஆனால் மொழியைக் கற்க வேண்டுமானால், அந்த மொழியிலேயே அன்றாடம் வாழ்கிற ஒருவர் எதிரில் இருந்தாக வேண்டும் என்பதே இரண்டையும் பார்த்த பின் என் முடிவு.

வகுப்பு தொடங்கியதும் எல்லோருடைய ஒலிவாங்கிகளும் அணைக்கப்பட்டுவிடுகின்றன. மிகவும் தேவைப்பட்டால் ஆசிரியர் அரட்டைப் பெட்டியில் ஓரிரு சொற்களை எழுதுவார்; போகப்போக அதுவும் குறைந்துவிடும். கவனத்தை ஈர்க்கக் கையசைக்க வேண்டும், புரியாவிட்டால் அதையும் சைகையிலேயே சொல்ல வேண்டும். இது தொடக்கத்தில் எல்லோரையும் திணறடித்தது என்றாலும், காதையே நம்பிப் பழகியவர்களின் கண் வேலை செய்யத் தொடங்கியது இந்தக் கட்டுப்பாட்டினால்தான்.

கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு, உள்ளங்கை பார்க்கும் திசை ஆகியவை சேர்ந்துதான் ஒரு சைகை உருவாகிறது. இவற்றில் ஒன்று மாறினாலும் பொருள் மாறிவிடக்கூடும். இவ்வளவையும் செயலிகள் ஓரளவு காட்டிவிடுகின்றன. அவற்றால் சொல்லித்தர முடியாமல் போவது முகத்தை. ஒருநாள் சக மாணவி ஒருவர் ‘நீங்கள் நாளை வருகிறீர்களா’ என்று கேட்க முயன்றார். கைகள் சரியாகவே இருந்தன, ஆனால் புருவம் உயரவில்லை. ஆசிரியர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு செய்தியைக் கேட்டுக்கொண்டவர் போலத் தலையசைத்துவிட்டு அமைதியாக இருந்தார். மாணவி மீண்டும் அதே சைகைகளைப் புருவத்தை உயர்த்திச் செய்ததும் உடனே பதில் வந்தது. முகபாவம் அலங்காரத்துக்காக இல்லை, அது இலக்கணத்தின் பகுதி என்பதை எத்தனை பக்கம் எழுதி விளக்கினாலும் அவ்வளவு தெளிவாகப் புரியவைத்திருக்க முடியாது.

இடத்தைப் பயன்படுத்தும் முறையும் அப்படிப்பட்டதே. அம்மாவை வலப்பக்கத்திலும் தம்பியை இடப்பக்கத்திலும் ஒருமுறை நிறுத்திவிட்டால், ‘கொடு’ என்ற சைகை வலமிருந்து இடமாக நகரும்போது அம்மா தம்பிக்குக் கொடுத்தார் என்றாகிறது. திசையை மாற்றினால் கொடுத்தவரும் பெற்றவரும் இடம் மாறிவிடுகிறார்கள். சொற்பட்டியலை மனப்பாடம் செய்து இந்த அழகை எட்டவே முடியாது.

சேருவதற்கு முன் எந்தச் சைகை மொழியைக் கற்பிக்கிறார்கள் என்று அவசியம் கேட்க வேண்டும். உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அமெரிக்கச் சைகை மொழியும் பிரிட்டிஷ் சைகை மொழியும்கூட ஒன்றுக்கொன்று புரியாதவை. பாரிசிலிருந்து சென்ற காது கேளாத ஆசிரியர் லோரான் கிளேர், அமெரிக்கரான தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட்டுடன் சேர்ந்து 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி தொடங்கியதால், அமெரிக்க மொழிக்குப் பிரெஞ்சுச் சைகை மொழியோடுதான் உறவு நெருக்கம். எழுத்துகளைக் காட்ட அமெரிக்க முறையில் ஒரு கை போதும், பிரிட்டிஷ் முறையில் இரு கைகளும் வேண்டும். உங்களைச் சுற்றியுள்ள காது கேளாதோர் பயன்படுத்தாத மொழியைச் செயலியில் கற்றுவிட்டு அவர்களிடம் போய் நின்றால் பேச்சு நகராது.

ஆசிரியர் காது கேளாதவராக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1880இல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகையைவிட வாய்பேச்சுப் பயிற்சியே மேலானது என்று தீர்மானித்தது. அங்கே வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். அதன்பின் பல நாடுகளில் சைகை மொழி வகுப்பறைகளை விட்டு விரட்டப்பட்டது, காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். சைகை மொழிக்கும் முறையான உள்ளமைப்பு உண்டு என்று அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் ஆய்வு வெளியிட்ட பிறகே மொழியியலாளர்களின் பார்வை மாறத் தொடங்கியது. மிலன் தீர்மானங்களை, அதே வரிசையில் பின்னர் நடந்த ஒரு மாநாடு நிராகரிக்க 2010 வரை ஆயிற்று. தங்கள் மொழியைக் கற்பிக்கும் உரிமையையே இழந்த மக்களிடமிருந்து அந்த மொழியைக் கற்கும்போது, கட்டணமும் மதிப்பும் அவர்களைச் சென்றடைவதே நியாயம்.

குறைகளும் இருந்தன. மாணவர் எண்ணிக்கை அதிகமாக இருந்ததால் திரையில் ஒவ்வொருவரும் சிறு கட்டமாகச் சுருங்கிவிட்டார்கள்; மற்றவரைப் பார்த்துக் கற்பது கடினமாயிற்று. கேமராவை நோக்கி நீளும் விரல்கள் தட்டையாகத் தெரிகின்றன, இணைப்பு மந்தமானால் அசைவு துண்டு துண்டாகிறது. ஆசிரியர் இயல்பான வேகத்தில் விரல்களால் எழுத்துக் காட்டினால் இன்னும் எனக்குப் பாதி நழுவிவிடுகிறது. செய்வதைவிடப் புரிந்துகொள்வதற்கே அதிகப் பயிற்சி தேவை, பாடத்திட்டம் அதற்கு ஒதுக்கிய நேரம் போதாது. பயிற்சி முடிந்தபின் காது கேளாதோருடன் தொடர்ந்து உரையாட ஏற்பாடு எதுவும் இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

வீட்டில் காது கேளாத குழந்தை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே தொடங்குங்கள். கேட்புக் கருவி பொருத்தினாலும், உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை செய்தாலும், தொடக்க ஆண்டுகளில் குழந்தைக்குத் தடையின்றி எட்டக்கூடிய முழுமையான மொழி ஒன்று வேண்டும். கேட்கும் திறன் குறைந்துவருபவர்கள் தனியாகச் சேராமல் குடும்பத்தோடு சேருங்கள். ஒருவர் மட்டும் கற்றால் பேச ஆளிருக்காது. ஆர்வத்தால் கற்பவர்களையும் வரவேற்கிறேன், ஆனால் தொடக்கநிலைச் சான்றிதழை வைத்துக்கொண்டு மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ மொழிபெயர்க்க முன்வராதீர்கள், ஏனென்றால் அங்கே பிசகும் ஒரு சைகைக்கு விலை கொடுப்பவர் காது கேளாதவர்தான்.

இதே ஆசிரியரின் அடுத்த நிலை வகுப்புக்கு நான் பதிவு செய்துவிட்டேன். மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கும்படி அவரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.