ரோட்டரியா, லயன்ஸா?

இரண்டும் சிகாகோவில் பிறந்த சேவை அமைப்புகள்: ரோட்டரி 1905, லயன்ஸ் 1917. இரண்டிலும் உள்ளூர்ச் சங்கம் அழைத்தால்தான் சேரலாம்.

ரோட்டரி உங்கள் தொழிலைப் பார்க்கும். ஒரே தொழில்காரர்கள் குவிவதை அது விரும்புவதில்லை. டாக்டர்கள் நிறைந்த சங்கம் இன்னொரு டாக்டரைச் சேர்க்கத் தயங்கினால், அதே ஊரில் வேறு சங்கத்தைக் கேளுங்கள். லயன்ஸில் இந்தக் கணக்கு இல்லை.

கணவனும் மனைவியும் சேர்ந்து வருவதென்றால் லயன்ஸே சிக்கனம். ஒருவர் முழுச் சந்தா கட்டினால், அதே வீட்டில் மேலும் நால்வர் வரை பன்னாட்டுச் சந்தாவில் (உலகத் தலைமையகத்துக்குப் போகும் சந்தா) பாதி கட்டினால் போதும். ஆனால் பலர் ஏமாறுவது இங்கேதான்: பன்னாட்டுச் சந்தாவுக்கு மேல் மாவட்டச் சந்தா (இங்கே மாவட்டம் என்பது பல சங்கங்களின் தொகுதி), சங்கச் சந்தா, விருந்துச் செலவு என்று இரு இடத்திலும் வரும். ஆண்டு மொத்தத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கண் மருத்துவப் பணியில் ஈடுபாடு என்றால் லயன்ஸ். 1925இல் பார்வையற்ற எழுத்தாளர் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோள் முதல் அதுவே அவர்களின் அடையாளம். பெரிய திட்டம் நடத்த ஆசையென்றால் ரோட்டரி. ஆனால் அதன் உலகளாவிய மானியத்துக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் வேண்டும், வெளிநாட்டு ரோட்டரிச் சங்கமோ மாவட்டமோ ஒன்றும் கைகோக்க வேண்டும். ஒரு பள்ளிக் கழிப்பறைக்கு மாவட்ட மானியமே பொருத்தம்.

சேருமுன் மூன்று கூட்டங்களுக்கு விருந்தினராகப் போங்கள். பதவியேற்பு விழாச் செலவு சேவைச் செலவை மிஞ்சினால், அந்தச் சங்கம் வேண்டாம்.