ஐ3 பிராசசரோடு ஆர்டிஎக்ஸ் 3060: கோட்டையூர் வீட்டில் இரண்டு ஆண்டு விஆர் அனுபவம்

2023 பொங்கலுக்கு ஊருக்கு வந்த சிங்கப்பூர் அத்தான், தான் பயன்படுத்திய குவெஸ்ட் 2 விஆர் ஹெட்செட்டை (மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும், தலையில் மாட்டும் கருவி) என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது என்னிடம் இருந்தது ஐ3-12100எஃப் பிராசசர், எச்610 மதர்போர்டு, ஒற்றை ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், படத்தை வரையும் ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. கணக்கு எழுதும் வேலைக்கும் சாதாரண விளையாட்டுகளுக்கும் அது தாராளம். விஆருக்கு ஆகாது என்பது முதல் நாள் மாலையே தெரிந்துவிட்டது. ஹெட்செட்டைக் கணினியோடு இணைக்கும் லிங்க் வசதிக்காக குவெஸ்டைத் தயாரிக்கும் மெட்டா நிறுவனம் வெளியிட்டிருந்த பட்டியலிலேயே 1650க்கு ஆதரவு இல்லை.

அதைவிட வலுவான ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு போடலாமா என்று கேட்டேன். காரைக்குடியில் ஒரு கடை, மதுரையில் ஒரு கடை, இரண்டிலும் ஒரே பதில்: "இந்த ஐ3க்கு 3060 போட்டால் பாதி வீணாகும், தம்பி. முதலில் பிராசசரை மாற்றுங்கள்." இணையத்தில் பிராசசர் பெயரையும் கார்டு பெயரையும் கொடுத்தால் இத்தனை சதவீதம் பொருந்தவில்லை என்று கணக்குச் சொல்லும் பக்கங்களும் அதையே சொல்லின. அதை நம்பி ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்தச் சதவீதம் விஆருக்குப் பொருந்தவே பொருந்தாது என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

காரணம் எளிது. சாதாரண 1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல். குவெஸ்ட் 2இல் ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 70 லட்சத்தைத் தாண்டுகிறது. லென்ஸ் வளைவைச் சரிக்கட்ட அதைவிடப் பெரிதாக வரைந்து சுருக்க வேண்டியும் இருக்கிறது. இந்தப் பாரம் முழுவதும் கார்டின் தலையில்தான் விழும். போதாததற்கு, குவெஸ்டுக்குப் படம் நேரடியாகப் போவதில்லை. கார்டு அதை வீடியோவாகச் சுருக்கி, கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ அனுப்புகிறது. பிராசசரின் வேலை வேறு: எந்தப் பொருள் எங்கே நகர்கிறது, எது எதன்மேல் மோதுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், முடிவு செய்து கார்டிடம் கொடுப்பது. ரெசல்யூஷனை, அதாவது வரையும் பிக்சல் எண்ணிக்கையை, கூட்டினாலும் குறைத்தாலும் அந்த வேலை அநேகமாக அப்படியேதான் இருக்கும்.

ஆகவே எத்தனை ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை பிரேமில், ஓடும் என்பதற்கு முதல் வரம்பு பிராசசர் போடுவது; எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது கார்டின் கையில். 90 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு பிரேமுக்கு 11.1 மில்லிசெகண்டுதான் அவகாசம். 72 ஹெர்ட்ஸ் என்றால் 13.9. எழுத்தில் சிறிதாகத் தெரியும் அந்த 2.8 மில்லிசெகண்டுதான் என் ஐ3 போன்ற நான்கு கோர் பிராசசருக்கு மூச்சு விடும் இடம்.

கடைசியில் 26,000 ரூபாய்க்கு 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினேன். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறார்கள். அதன் நினைவகப் பாதை 192 பிட்டுக்குப் பதிலாக 128 பிட். பெட்டியைப் புரட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 1650 போல இது மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டு அல்ல. 170 வாட் கேட்கிறது. என் பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) 550 வாட்டுக்கு மாற்றினேன்.

முதல் வாரம் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் விளையாட்டு அழகாகத் தெரிந்தது, ஆனால் புதிய அறைக்குள் நுழையும்போதெல்லாம் படம் ஒரு கணம் வெட்டி இழுத்தது. கடைக்காரர்கள் சொன்னது சரிதானோ என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் செய்த சோதனையை எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். விஆர் விளையாட்டுகளை ஓட்டும் ஸ்டீம்விஆர் மென்பொருளில் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்து, அதே இடத்தில் அதே அசைவைச் செய்து பார்த்தேன். திணறல் போய்விட்டால் குற்றவாளி கார்டு. போகவில்லையென்றால் பிராசசரையும் ரேமையும் பார்க்க வேண்டும். எனக்குப் போகவில்லை. ஒற்றை ஸ்டிக் ரேமோடு இன்னொரு 8 ஜிபி சேர்த்து இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரட்டைச் சேனலாக்கியதும் அந்த வெட்டு பெரும்பாலும் மறைந்தது. இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. பிராசசரை மாற்றக் கிளம்பியிருந்தால் இதைவிடப் பல மடங்கு போயிருக்கும்.

இன்று என் அமைப்பு இதுதான். அலிக்ஸும் பீட் சேபரும் 90 ஹெர்ட்ஸில் நிற்கின்றன. அசெட்டோ கோர்ஸா கார் பந்தயத்தில் எதிரே ஓடும் ஒவ்வொரு காரையும் பிராசசர்தான் ஓட்டுகிறது என்பதால் 20 காரை 12 ஆகக் குறைத்து 72 ஹெர்ட்ஸில் வைத்தேன். கார்டில் மிச்சமிருந்த வலுவை ரெசல்யூஷனுக்குக் கொடுத்தேன். தூரத்து வளைவுகள் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. மைக்ரோசாஃப்ட் பிளைட் சிமுலேட்டர் மட்டும் மசியவில்லை. பெரிய நகரத்தின் மேல் பறந்தால் பிராசசர் அடிபணிந்துவிடுகிறது. 36 பிரேம் மட்டும் வரைந்து, இடையில் வருவதை மென்பொருளே கற்பித்து நிரப்பும் ஏஎஸ்டபிள்யூ முறையில் ஓட்டுகிறேன். இறக்கையின் ஓரம் நீரில் தெரிவதுபோல நெளியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாமே தவிர நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் செட்டிநாட்டுப் பகுதி வீடுகளில் விளையாடுபவர்களுக்குச் சில வார்த்தைகள். வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு) விசாலமானது, கை வீசி விளையாட ஆசை வரும். முற்றத்தில் வெயில் விழும் நேரத்தில் அங்கே ஹெட்செட்டை வைக்கவே கூடாது. லென்ஸ் வழியாகச் சூரிய ஒளி உள்ளே குவிந்தால் சில நொடிகளில் திரை பொசுங்கி நிரந்தரப் புள்ளி விழும். வெயிலில் கன்ட்ரோலர்களின் அகச்சிவப்பு விளக்குகளையும் கேமராவால் சரியாகப் பிடிக்க முடியாது. நான் விளக்கு வைத்த பிறகுதான் விளையாடுகிறேன். பட்டாலையில் மாட்டியிருக்கும் பழைய ஆளுயரக் கண்ணாடிமேல் வேட்டியைப் போட்டு மூடிவிடுவேன், அதன் பிரதிபலிப்பிலும் கேமரா குழம்பும். ஆத்தங்குடித் தளத்தில் நான் நிற்கும் இடத்தில் ஒரு சிறிய பாய். பாயை விட்டுக் கால் இறங்கினால் தேக்குத் தூண் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

வைஃபை விஷயத்தில் சுவர்களோடு போராட வேண்டாம். முகப்பில் இருக்கும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் செத்துவிடுகிறது. விளையாடும் இடத்திலேயே தனி ரவுட்டர் வைத்து, கணினியை அதனோடு வயரால் இணைத்த பிறகுதான் படம் நிலையாக நின்றது.

செம்மண் புழுதியும் சித்திரை வெயிலும் கார்டுக்கு எதிரிகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிராசசர் விசிறியையும் கார்டு விசிறியையும் சுத்தம் செய்கிறேன். கோடையில் கார்டின் மின் வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்கிவிடுகிறேன். விளையாட்டில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, சூடும் சத்தமும் குறைந்தன.

இந்த இரண்டு ஆண்டில் என் மனதுக்கு மிக நெருக்கமான ஒரு மாலையையும் சொல்ல வேண்டும். அப்பத்தாவின் அப்பச்சி (அப்பா) ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி (வியாபாரக் கிடங்கு) வைத்திருந்தவர். இன்று அது ஷ்வே போந்தா தெரு. அந்தத் தெருவின் பெயரைக் கேட்டே வளர்ந்த அப்பத்தா, ஒருநாளும் அங்கே போனதில்லை. கூகுள் எர்த் விஆரைத் திறந்து, அவரை நாற்காலியில் அமர்த்தி, ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். வயதானவர்களுக்குப் பிரேம் தவறினால் தலை சுற்றும், குமட்டும். அதனால் முன்கூட்டியே 72 ஹெர்ட்ஸில் வைத்து நானே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தேன். ஆற்றின் மேலிருந்து ஸ்வேடகோன் பகோடா வரை மெதுவாக நகர்த்தினேன். கால் மணி நேரம் கழித்துக் கழற்றியவர், "தலை சுற்றவே இல்லை, இன்னும் கொஞ்சம் காட்டு" என்றார்.

இப்போது வாங்குபவர்களுக்கு: 115 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 4060 நல்ல கார்டு, பழைய எஸ்எம்பிஎஸ்ஸே போதலாம், ஆனால் 8 ஜிபிதான். ஆர்எக்ஸ் 6600ம் 8 ஜிபி. இவை இரண்டும் மதர்போர்டோடு பேச எட்டு லேன் (தரவுப் பாதை) மட்டுமே பயன்படுத்துகின்றன, பிசிஐஇ 3.0 உள்ள பழைய மதர்போர்டில் அந்தப் பாதையின் வேகம் பாதியாகச் சுருங்கும். உங்களுக்குப் பிளைட் சிமுலேட்டர்தான் முக்கியம் என்றால் கார்டில் ஒரு படி குறைத்துக்கொண்டு, பிராசசருக்குப் பணம் போடுங்கள். என் மதர்போர்டிலேயே ஆறு கோர் ஐ5-12400எஃப் உட்காரும். அத்தான் அடுத்து குவெஸ்ட் 3 கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் பிக்சல் இன்னும் கூடுதல் என்பதால் அதன் பாரமும் முதலில் கார்டின்மேல்தான் விழும். வந்த அன்று ரெசல்யூஷனைப் பாதியாக்கி அதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எதையும் மாற்றுவேன்.